காட்டாத விசிறி

வீடு வீடாகப் போய் வெப்பமூட்டும் கருவிகளைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்திரண்டுதான். நான் வேலை செய்த திட்டத்தை அரசு மூடிவிட்டதால், அந்த வேலையில் ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம். வேறு பெயரில் இன்னொரு திட்டம் வரப்போவதாகக் கேள்வி. உங்களில் சிலர் அதில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். கையெழுத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. காற்றில் கரிப்புகை சேர்வதைக் குறைக்க வேண்டும் என்று அரசுகள் பேசத் தொடங்கியிருந்த காலம். வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிக்கும் ஃபேர்னஸைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தையும் உள்ளே இழுத்துவரும் மின்சார ஹீற் பம்பைப் பூட்டினால் செலவில் ஒரு பங்கை அரசு கொடுக்கும். அதற்கு முன் வீட்டின் இடுக்குகளை எல்லாம் அடைக்க வேண்டும். இடுக்குள்ள வீட்டில் ஹீற் பம்ப் போட்டால், ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போலத்தான். நாங்கள் இரண்டு தடவை போவோம். வேலை தொடங்க முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை. இரண்டாம் முறை நான் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்காரருக்கு உதவி கிடைக்கும்.

இந்த வேலைக்குச் சந்தேகம் வேண்டும். எனக்கு அது தாராளமாக இருந்தது. கொப்பி ஒன்றில் ஒப்பந்தக்காரர்களின் வித்தைகளை எழுதி வைத்திருந்தேன். அடைக்காத ஜன்னலை அடைத்ததாக எழுதுவார்கள். கூரைக்குள் காப்புப் பஞ்சை ஏறிப் பார்க்கும் வாசலுக்கு அருகில் மட்டும் உயரமாகக் குவித்து வைப்பார்கள். பழைய கருவியில் புதிய தகட்டை ஒட்டுவார்கள். ஒவ்வொரு வித்தைக்கும் இலக்கம் போட்டிருந்தேன். பதினேழு வரை போயிருந்தது. வீட்டுக்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன், அதில் அவ்வளவாக எழுதவில்லை. எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் எல்லாம் என் மேசைக்கு வரும். குணம் அண்ணையின் கோப்பும் அப்படித்தான் வந்தது. டோர்செட் பார்க்குக்கு அருகில் மாடியில்லாத ஒரு பழைய வீடு. அவர் நகரத்தின் நடுவில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள். முதல் தடவை போனபோது இலையுதிர்காலம். பக்கக் கதவடியில் பதினொரு சோடிச் சப்பாத்துகள் கிடந்தன. எண்ணுவது என் பழக்கம்.

வீட்டில் எத்தனை பேர் என்று படிவம் கேட்கும். நானும் கேட்டேன்.

"நாங்கள் நாலு பேர்."

"பேஸ்மென்ற்?"

"அங்கை ஒருத்தரும் இல்லை, சாமான் மட்டுந்தான்." பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உந்தத் துண்டு எங்கை போகும், பிள்ளை?"

"எங்கடை ஒஃபிசுக்கு மட்டுந்தான் அண்ணை," என்றேன்.

அது எனக்குத் தெரிந்து சொன்ன பதில் இல்லை. எல்லா வீட்டிலும் கேட்பார்கள், எல்லா வீட்டிலும் அதையே சொல்வேன். சொல்லிச் சொல்லி அது உண்மை போல ஆகியிருந்தது. பேஸ்மென்ற் என்னும் நிலவறையில் ஆட்களை வாடகைக்கு இருத்துவதை அந்த நாட்களில் சட்டம் ஒரு வருடம் விடும், மறுவருடம் விடாது. வீட்டுக் கடனில் பாதியைக் கீழே இருப்பவர்களின் வாடகைதான் கட்டும். ஆகவே அரசாங்கத் தாளோடு யார் வந்தாலும் கீழே சாமான் மட்டுந்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததா? நானும் என் தம்பியும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் அப்படிச் "சாமானாக" ஒன்றரை வருடம் இருந்திருக்கிறோம்.

கீழே இறங்கினேன். ஃபேர்னஸும் சுடுதண்ணித் தாங்கியும் ஒரு பக்கம். மறுபக்கம் சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கம்பி கட்டி, தடித்த திரை தொங்கியது. அதற்கு முன்னால் இரண்டு அலுமாரிகள். "அங்காலை சாமான்," என்றார் குணம் அண்ணை. நான் திரையைத் தொடவில்லை. அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். நம்முடைய ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா என்றும் நினைத்தேன். நான்கு பேர் என்று எழுதினேன். பேஸ்மென்ற்: களஞ்சியம்.

கார்த்திகை முடிவில் இரண்டாம் தடவை போனேன். ஒப்பந்தக்காரர் மீதுதான் எனக்குக் கண். அவர் எங்கள் திட்டத்துக்குப் புதியவர், விலையும் குறைவு. ஜன்னல் ஜன்னலாக விரலால் தடவினேன். கூரைக்குள் ஏறி, வாசலிலிருந்து மிகத் தள்ளியுள்ள மூலையில் பஞ்சை அளந்தேன். முன்கதவில் பெரிய விசிறியைப் பூட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தேன். எங்கும் ஒழுகவில்லை. பதினேழு வித்தையில் ஒன்றுகூட இல்லை. அந்த மனிதர் சொன்னதை எல்லாம் செய்திருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைசியாகச் சுடுதண்ணித் தாங்கி. அது காஸில் எரிவது. அதன் தலையில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில், தொப்பி போல ஒரு திறப்பு இருக்கும். வீட்டிலுள்ள விசிறிகளை எல்லாம் ஓட விட்டு, தாங்கியை எரியவைத்து, திறப்புக்கு அருகில் புகை காட்ட வேண்டும். புகை குழாய்க்குள் ஏறினால் நல்லது. திரும்பி வந்தால், தாங்கியில் காஸ் எரிந்து வரும் நச்சு எல்லாம் வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். அலுவலகம் தரும் புகைக்குச்சி முடிந்துபோயிருந்ததால் கைப்பையிலிருந்த ஊதுபத்தியைக் கொளுத்தினேன். குணம் அண்ணை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, தாங்கிக்குப் பூசையோ?"

"ஓம் அண்ணை. தேங்காய் இருந்தால் கொண்டுவாங்கோ."

அவர் சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். வீடு முழுக்க மல்லியும் மிளகாயும் வறுத்த மணம். நான் இரண்டு தரம் தும்மினேன். மேலே மனைவி சமைக்கிறார் என்று எண்ணினேன். குசினி விசிறி, குளியலறை விசிறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஊதுபத்திப் புகை திறப்படியில் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு மேலே ஏறியது. அந்தத் தயக்கத்தைப் பார்த்தேன். படிவத்தில் "ஏறியது", "ஏறவில்லை" என்று இரண்டு பெட்டிகள் மட்டுமே இருந்தன. தயக்கத்துக்குப் பெட்டி இல்லை. ஏறியது என்று குறித்து, கையெழுத்துப் போட்டேன்.

தை பிறந்ததும் குணம் அண்ணை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஜன்னல் எல்லாம் வேர்க்கிறதாம். கண்ணாடியில் தண்ணீர் வழிந்து கட்டையில் தேங்குகிறதாம். எனக்கு உடனே வந்தது சந்தேகம். ஒப்பந்தக்காரரிடம் ஏதாவது பிடுங்கப் பார்க்கிறாரோ என்று. சமைக்கும்போது பானையை மூடுங்கோ, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ என்று சொன்னேன். அந்தக் குளிரிலும் அப்படித்தான் சொன்னேன். அந்த வாரத்துக்கு என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. குணம் அண்ணையை அதில் ஒன்பதாவதாகப் போட்டு, பக்கத்தில் "அவசரமில்லை" என்று எழுதினேன்.

இறுக்கி அடைத்த வீட்டில் ஜன்னல் வேர்க்கிறதென்றால் நீராவி எங்கிருந்தோ வருகிறது. காஸ் எரிந்தால் நீராவி வரும். இது முதலாம் ஆண்டுப் பாடம். எனக்குத் தெரிந்த பாடம். நான் ஆளைச் சந்தேகித்துக்கொண்டிருந்ததால் தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தேன். வேலை சீக்கிரம் முடிந்தது. பட்டியலில் ஒன்பதாவதையும் முடித்துவிடலாமே என்று நடந்து போனேன். முன்பகல். வெளியே நின்ற ஹீற் பம்ப் ஓடாமல் உறைபனி பூத்துக் கிடந்தது. குணம் அண்ணை கதவைப் பாதிதான் திறந்தார்.

"இண்டைக்கோ? ஒரு ஃபோன் கோல் அடிச்சுப்போட்டு வந்திருக்கலாமே."

ஜன்னலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். மனைவி பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் மிளகாய் வறுக்கும் காரம் தொண்டையைப் பிடித்தது. காலடியில், தரைக்குக் கீழே, ஒரு பெரிய இரைச்சல்.

"கீழை என்ன சத்தம் அண்ணை?"

"அது உங்கடை புது மெசின்."

மெசின் நின்றிருந்ததை நான் வரும்போது பார்த்திருந்தேன். கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுப் படிப்பக்கம் போனேன். அவர் முந்திக்கொண்டு வந்து, கீழே சாமான் குவிந்து கிடக்கிறது, கால் வைக்க இடமில்லை என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் இறங்கினார். இரைச்சல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. திரை உள்பக்கமாக வளைந்து, பாய் போல விறைத்து நின்றது.

நான் தாங்கியின் அருகில் போய் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தேன். புகை என் முகத்துக்கு வந்தது. திறப்பிலிருந்து ஈரமான சூட்டுக் காற்று மணிக்கட்டில் பட்டது. மூக்குக் கண்ணாடி மங்கியது. மேலே போக வேண்டியது முழுக்கக் கீழே வந்துகொண்டிருந்தது.

"அண்ணை, திரைக்கு அங்காலை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"இந்தப் புகை திரும்பி வருது. இதிலை இருக்கிறது மணக்காத நஞ்சு. அங்கை ஆரும் இருந்தால் செத்துப்போவினம்."

அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் எண்ணவில்லை. பிறகு அவரே கூப்பிட்டார்.

"வதனி."

பதில் இல்லை.

"வதனி, வெளியிலை வாரும். பறவாயில்லை."

அலுமாரியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு தட்டுள்ள மின்னடுப்பு. சிறிய ஜன்னலின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உணவகச் சமையலறையில் போடும், நின்றால் தகடுகள் தானாக மூடிக்கொள்ளும் அகலமான விசிறி ஒன்றைப் பலகை அடித்துப் பொருத்தியிருந்தார்கள். அது வீட்டுக் காற்றை முழுதாக வெளியே இறைத்துக்கொண்டிருந்தது. இடுக்கெல்லாம் அடைத்த வீட்டுக்குள் காற்று வர மிஞ்சியிருந்த ஒரே வழி புகைபோக்கி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் அந்தப் பெண் சாய்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கண் திறந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது. அடுப்பில் மிளகாய் கருகிக்கொண்டிருந்தது.

வதனி அவருடைய மனைவியின் தூரத்து உறவு. கணவன் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான்கு மாதக் கர்ப்பிணி. வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுக் குடும்பங்களுக்குக் கறித்தூள் வறுத்து அரைத்துக் கொடுப்பாள். இரண்டு மாதமாகத் தலையிடி, சத்தி. எல்லோரும் அதை மசக்கை என்றார்கள். இவை எல்லாம் பிறகு கேட்டு எழுதிக்கொண்டவை. அப்போது நான் செய்தது அடுப்பையும் காஸையும் நிறுத்தியதும், குணம் அண்ணையோடு சேர்ந்து அவளைப் பக்கக் கதவால் தூக்கிப் பனிக்குள் இருத்தியதும்தான். அவர் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார்.

நான் மேலே ஓடித் தொலைபேசியை எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்து அதன் மேல் கையை வைத்தார்.

"அம்புலன்ஸ் வேண்டாம். நான் காரிலை கொண்டுபோறன், பத்து நிமிசம். அம்புலன்ஸ் வந்தால் நெருப்பணைக்கிறவையும் வருவினம், பொலிஸும் வரும். பிறகு எல்லாரும் கீழை இறங்கிப் பாப்பினம்."

அவர் சொன்னது பொய் இல்லை. அப்படித்தான் நடக்கும். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றார். கார் அம்புலன்ஸை விட முந்தியும் போயிருக்கலாம். ஆனால் காரில் ஒட்சிசன் இல்லை. அந்த ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். நெருக்கடியில் பத்து விஷயம் ஒரே நேரத்தில் சரியாகத் தெரியும். எதைப் பிழைவிட்டால் திருத்த முடியாதோ அதைப் பிடியுங்கள், மற்றதை விடுங்கள்.

"அண்ணை, கையை எடுங்கோ."

எடுத்தார்.

அவர் சொன்னபடியே எல்லோரும் வந்தார்கள். நெருப்பணைக்கும் படையினரின் அளவுமானி பேஸ்மென்ற் படியிலேயே கத்தத் தொடங்கியது. வதனியின் முகத்தில் ஒட்சிசன் மூடியை வைத்துக் கொண்டுபோனார்கள். குழந்தைக்கும் அவளுக்கும் ஆபத்தில்லை என்று அன்று பின்னேரம் தெரிந்தது. குணம் அண்ணை என்னிடம் ஒரே ஒரு வசனம்தான் பேசினார்.

"எங்கடை பிள்ளை எண்டுதான் உம்மை உள்ளை விட்டனான்."

திங்கட்கிழமை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மேலதிகாரி வந்து நின்றார். கெட்டிக்காரர், எனக்கு உதவி செய்தவர், அவர் பெயர் இங்கே தேவையில்லை. வீட்டுக்காரர் மறைத்து வைத்திருந்த விசிறிதான் காரணம் என்று எழுதினால் காரியம் முடிந்தது என்றார். சோதனை சரியாக நடந்தது, வீட்டுக்காரர் பொய் சொன்னார். உன் கையெழுத்துக்கும் பாதிப்பில்லை, திட்டத்துக்கும் பாதிப்பில்லை. புதிய அரசு வந்திருக்கிறது, எதை வெட்டலாம் என்று தேடுகிறார்கள், நாமே கத்தியை எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டார்.

அவர் சொன்னபடியே எழுதினேன். முழுப் பக்கம். எழுதிய ஒவ்வொரு வசனமும் உண்மை. வாசித்துப் பார்த்தபோது எனக்கே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை. அனுப்பாமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன். போகிற போக்கில் மேலதிகாரியிடம், நம்முடைய தாள்கள் எங்கே போகும் என்று கேட்டேன். மூன்று வருடத்தில் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் தெரியவில்லை. விசாரித்துவிட்டு அடுத்த நாள் சொன்னார்: இங்கேதான் இருக்கும், ஆனால் மாநகரசபையோ வேறு யாரோ எழுதிக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். இதுவரை கேட்டிருக்கிறார்களா என்றேன். அதை யாரும் குறித்து வைப்பதில்லையாம்.

ஆக நான் வாசல் வாசலாகச் சொல்லி வந்தது பொய். குணம் அண்ணையின் பொய்யை நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். என் பொய்யை எழுதப் படிவத்தில் இடமே இருக்கவில்லை.

புதன்கிழமை வதனியைப் பார்க்கப் போனேன். குணம் அண்ணையின் வீட்டுக்கு அவர்கள் திரும்பவில்லை. யார் எப்போது வந்து பார்ப்பார்களோ என்ற பயத்தில் அவர் இவர்களுடைய சாமான்களைக் கட்டி வைத்துவிட்டார். அவளும் கணவனும் ஒரு மாடிக் கட்டடத்தில் தெரிந்தவர்களின் வரவேற்பறையில், மெத்தை ஒன்றைப் போட்டு இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் கேட்டது:

"அக்கா, தூள் முழுக்கக் கருகிப்போச்சோ?"

ஓம் என்றேன். மூன்று வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய தூளாம். அதற்குத்தான் முதலில் கவலைப்பட்டாள். தேத்தண்ணி வந்தது. நான் வந்ததற்கான கேள்வியைக் கேட்டேன். சனிக்கிழமை நான் படியில் இறங்கியது கேட்டிருக்குமே, ஏன் ஒரு சத்தமும் போடவில்லை என்று.

"கேட்டது. உங்கடை குரல்தான் எண்டும் விளங்கினது. முதல் வந்தபோதும் கேட்டனான்தானே."

"எப்ப?"

"நீங்கள் முதல்தரம் ஊதுபத்தி கொளுத்தின அண்டைக்கு. அண்டைக்கும் வறுத்துக்கொண்டுதான் நிண்டனான். ஆரும் கவுண்மெந்து ஆக்கள் வந்தால் விசிறியை நிப்பாட்டிப்போட்டுச் சத்தம் காட்டாமல் இருக்கச் சொல்லி குணம் அண்ணை சொல்லி வைச்சவர். கதவு மணி கேட்டவுடனை நிப்பாட்டினனான். தேங்காய் கொண்டுவாங்கோ எண்டு நீங்கள் பகிடி விட்டதுக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இந்தமுறை ஏன் விசிறியை நிப்பாட்டேல்லை?"

"எழும்பேலாமல் கிடந்தது அக்கா."

உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது. நான் சோதித்த வீடு, நான் வந்ததற்காக மாற்றி வைக்கப்பட்ட வீடு. மணி அடித்ததும் ஒரு விசிறி நின்றது, ஒரு பெண் மூச்சைப் பிடித்தாள், புகை மேலே ஏறியது. நான் போனதும் வீடு தன் பழைய நிலைக்குத் திரும்பியது. அவளால் எழும்ப முடிந்திருந்தால் அந்தச் சனிக்கிழமையும் விசிறியை நிறுத்தியிருப்பாள், நானும் புகை ஏறியது என்று இன்னொரு தரம் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி லாச்சியிலிருந்த பக்கத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதியதில் மூன்று விஷயங்கள். ஒன்று, பழைய வீடுகளில் ஃபேர்னஸும் தாங்கியும் ஒரே புகைபோக்கியில் மூச்சு விட்டன. பெரியது அதைச் சூடாக வைத்திருந்ததால் சிறியதன் புகையும் ஏறியது. பெரியதைக் கழற்ற நாம் உதவி கொடுத்தோம், சிறியதை ஓர் அகன்ற குளிர்ந்த புகைபோக்கியின் அடியில் தனியே விட்டோம், அதைப் பற்றி நம் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. இரண்டாவது, அதன் பிறகு வீட்டை இறுக்கி அடைத்தோம், வேலை சுத்தமாக நடந்த வீடுகளில்தான் ஆபத்து அதிகம். மூன்றாவது, எங்களுக்குப் பயந்து விசிறிகளை நிறுத்தும் வீடுகளில் நான் செய்த சோதனை எதுவும் செல்லாது, நான் கையெழுத்துப் போட்ட எல்லா வீடுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். பேஸ்மென்றில் யார் இருந்தார்கள் என்ற பெட்டியில் "நான் பார்த்தறியவில்லை" என்று எழுதினேன். முதல் நாளைப் பொறுத்தவரை அது உண்மை.

மேலதிகாரி வாசித்துவிட்டு, இதை அனுப்பினால் திட்டம் வசந்தத்தைக் காணாது என்றார். திட்டம் வசந்தத்தைக் காணவில்லை. என் தாளால்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்கள் ஏற்கெனவே காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். கரியைக் குறைக்கிறோம் என்று தொடங்கியவர்களையும் நான் இப்போது நம்புவதில்லை, செலவைக் குறைக்கிறோம் என்று மூடியவர்களையும் நம்புவதில்லை. ஹீற் பம்பை நம்புகிறேன். அது சொன்னதைச் செய்கிறது.

மூடுவதற்கு முன் எனக்கு ஆறு வாரம் கிடைத்தது. பட்டியலில் முப்பத்தெட்டு வீடுகள். வாசலில் நின்று சொல்லும் வசனத்தை மாற்றிக்கொண்டேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் தாங்கியை மட்டும் காட்டினார்கள். குணம் அண்ணை எனக்குக் கதவு திறக்கவில்லை. மின்சாரத் தாங்கி வாங்கிப் போட்டுவிட்டதாக மனைவி ஜன்னலால் சொன்னார்.

கடைசிக்கு முந்திய வீடு எக்ளிண்டன் வீதிப் பக்கம். வீட்டுக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர், மப்ளர் கட்டியிருந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அங்கிள், இந்தத் தாள் எங்கை போகும் எண்டு எனக்குத் தெரியாது. ஆரும் கேட்டால் குடுத்துப்போடுவினம். அதாலை ஆக்களின்ரை எண்ணிக்கை எழுதமாட்டன். ஆனால் வீட்டிலை இருக்கிற எல்லா விசிறியும் ஓடவேணும். நான் இல்லாத நேரம் எப்பிடி இருக்குமோ அப்பிடியே இருக்கவேணும்."

அவர் யோசித்தார். முன்பு நான் வந்தபோது மூன்று பேர் என்று சொன்னவர். நான் பேனையை மூடிப் பைக்குள் போட்டேன். வேறு ஒன்றும் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பதற்கும் பழக வேண்டும், அதுதான் இந்த வேலையில் மிகவும் கடினம்.

"ஏழு பேர்," என்றார். "வாரும், கீழை காட்டிறன்."

நான்கு விசிறிகள். எல்லாவற்றையும் ஓட விட்டேன். தாங்கியடியில் பிடித்த புகை நேரே என் கண்ணுக்குள் வந்தது. காஸை நிறுத்திவிட்டு, எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள் என்றேன். ஒவ்வொருவராக வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். ஒரு பெண் சேலைக்கு மேல் பனிக்கோட்டும் காலில் செருப்பும். ஓர் இளைஞர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "என்ன அக்கா, குறூப் போட்டோ எடுக்கப்போறியளோ?" என்றார். எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. எண்ணினேன். ஏழு.

"அவ்வளவு பேருந்தானோ, அங்கிள்?"

"ஓம்."

தேத்தண்ணிக் கோப்பைக்காரர் கீழே பார்த்தார். நான் இன்னொரு முறை கேட்டேன்.

அங்கிள் மப்ளரை இறுக்கினார். "ஒராள் நைற் ஷிஃப்ற் முடிச்சு இப்பதான் படுத்தவர். அவர் இஞ்சை இருக்கிறவர் எண்டு சொல்லேலாது. போன கிழமைதான் வந்தவர்."

"எங்கை?"

"பழைய ஃபேர்னஸ் நிண்ட இடத்திலை."

திட்டம் காலியாக்கிக் கொடுத்த இடம். தாங்கிக்குப் பின்னால் ஒரு பலகையை நிறுத்தி, அதற்கு அங்கால் ஒடுக்கமாக ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். புகை காட்டும்போது அந்தப் பலகையில்தான் நான் சாய்ந்து நின்றிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப இறங்கி, பலகையை இழுத்துத் தள்ளி, போர்வையோடு அவர் தோளை உலுக்கினேன். இரண்டு தரம் அசையவில்லை. மூன்றாம் தரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார்.

"நீங்கள் கவுண்மெந்தோ?"

"ஓம்," என்றேன். "சப்பாத்தைப் போடுங்கோ."